ஆளுக்கொரு காது

2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் போனது. நாங்கள் அப்ப கம்பஸில் இரண்டாம் வருசம். திருநெல்வேலியில் ஒரு வீட்டின் பின்பக்க அனெக்ஸில் வாடகைக்கு இருந்தோம். ஃபான் நின்றால் அறைக்குள் இருக்க ஏலாது. வெளிப்படியில் வந்து குந்திவிடுவோம். பெற்றோலுக்கும் வரிசை, மண்ணெண்ணெய்க்கும் வரிசை. எங்கேயும் போகவும் வழியில்லை. போனில் மிஞ்சியிருக்கிற சார்ச்சை எதற்குச் செலவழிக்கிறது என்பதுதான் அந்த நாட்களில் நாங்கள் எடுத்த பெரிய முடிவு. நாங்கள் அதைப் பாட்டுக்குச் செலவழித்தோம்.

இருந்தது ஒரே ஒரு இயர்போன். அதனால் ஆளுக்கொரு காது. அன்றைக்கு எங்களில் ஒருத்தன் முன்னமே இறக்கி வைத்திருந்த ஒரு அல்பத்தைப் போட்டான். அல்பத்தின் பெயர் 'ஸ்டாட்டிக் டென்ஷன்ஸ்'. குழுவின் பெயர் கைலெசா. மெற்றல் என்பதைத் தவிர வேறொன்றும் எங்களுக்குத் தெரியாது. முதல் பாட்டு 'ஸ்கேப்கோட்' தொடங்கி ஒரு நிமிசம் ஆவதற்குள் எங்களுக்குள் சண்டை வந்துவிட்டது.

"ட்ரம்ஸ்காரன் நல்லா அடிக்கிறான். ஆனா இடைக்கிடை விட்டிட்டு நிக்கிறான்."

"எங்க விடுறான்? நிக்காமத்தானே அடிக்கிறான்."

"இல்லையடா, இப்ப விட்டவன். கேட்டனியோ?"

"உனக்குக் காது அடைச்சுப் போச்சு."

காதை மாற்றிப் போட்டுப் பார்த்தோம். இப்ப அவன் சொன்னது இவனுக்குக் கேட்டது, இவன் சொன்னது அவனுக்குக் கேட்டது. திரும்பவும் மாற்றினோம். அதற்குப் பிறகுதான் விளங்கியது: இதில் ட்ரம்ஸ் அடிக்கிறது ஒரு ஆள் இல்லை, இரண்டு பேர். ஒருவரை இடப்பக்கமும் மற்றவரை வலப்பக்கமுமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நாங்கள் இவ்வளவு நேரமும் ஆளுக்குப் பாதிப் பாட்டைக் கேட்டுக்கொண்டு, அதுதான் முழுப் பாட்டு என்று சண்டை பிடித்திருக்கிறோம்.

அந்தக் குழுவைப் பற்றித்தான் இது. மெற்றல் கேட்கிற ஆட்களுக்கு இதில் சில விசயங்கள் ஏற்கெனவே தெரிந்திருக்கும். கேட்காத ஆட்கள் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கோ. சத்தம் என்றாலே எழும்பிப் போகிற ஒருத்தியும் இந்தக் கதைக்குள் இருக்கிறாள்.

*

கைலெசா 2001இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில், சவானா என்ற துறைமுக நகரத்தில் தொடங்கியது. சவானா 1733இல் உருவான பழைய ஊர். ஆறு, சதுப்பு நிலம், புழுக்கம். ஓக் மரங்களில் இருந்து சாம்பல் நிறத்தில் தாடி மாதிரி ஏதோ தொங்கிக்கொண்டிருக்கும். படங்களில் பார்த்தால் இரவில் தனிய நடக்க யோசிக்க வேண்டிய ஊர் போலத்தான் இருக்கிறது. பெரிய இசைக் கம்பனிகள் இருக்கிற நியூயோர்க்கும் லொஸ் ஏஞ்சல்சும் எங்கேயோ தூரத்தில். ஆனாலும் 2000களில் இந்த ஊரில் இருந்து கைலெசா, பரோனெஸ், பிளாக் டஸ்க் என்று மூன்று குழுக்கள் வெளியே வந்து பெயர் எடுத்தன.

இவர்கள் ஒருவரையொருவர் தூக்கிவிட்டவர்கள். கைலெசாவின் கிற்றாரிஸ்ட் பிலிப் கோப்தான் பரோனெஸ் 2007இல் வெளியிட்ட 'ரெட் அல்பம்' என்பதைத் தயாரித்தவர். பரோனெஸின் பாடகர் ஜோன் பெய்ஸ்லிதான் 'ஸ்டாட்டிக் டென்ஷன்ஸ்' அட்டையை வரைந்தவர். வெளியில் இருந்து யாராவது வந்து கண்டுபிடிப்பார்கள் என்று காத்திராமல் ஊருக்குள்ளேயே ஆளுக்காள் வேலை செய்து கொடுத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் குறும்படம் எடுக்கிற பெடியளும் அப்படித்தான். ஒருத்தனுக்குக் கமெரா, ஒருத்தனுக்கு எடிட்டிங், ஒருத்தனுக்கு மோட்டசைக்கிள்.

இந்த இசைக்குப் பெயர் ஸ்லட்ஜ் மெற்றல். ஸ்லட்ஜ் என்றால் சேறு. வாய்க்காலின் அடியில் தங்கிப்போகிற கறுத்த சேறு. 1980களில் அமெரிக்காவின் பங்க் இசைக்காரர் சிலர் வேகம் அலுத்துப்போய் மெதுவாக வாசிக்கத் தொடங்கினார்கள். பிளாக் ஃபிளாக் குழு 1984இல் வெளியிட்ட 'மை வோர்' இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் அப்படி இழுத்து இழுத்துப் போகும். வாஷிங்டன் மாநிலத்து மெல்வின்ஸ் அந்த வழியைப் பிடித்துக்கொண்டார்கள். நியூ ஓர்லியன்ஸில் ஐஹேட்கொட், குரோபார் மாதிரியான குழுக்கள் அதை இன்னும் அழுக்காக்கின.

இவர்கள் எல்லாருக்கும் மூத்தவர்கள் இங்கிலாந்தின் பிளாக் சபாத். அவர்களுடைய கிற்றாரிஸ்ட் டோனி அயோமி பதினேழு வயதில் தொழிற்சாலை மெசினில் வலக்கை விரல்கள் இரண்டின் நுனியை இழந்தவர். இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் தந்தியை அழுத்துகிற கை அதுதான். பிளாஸ்டிக்கை உருக்கித் தானே தொப்பி செய்து விரல்களில் மாட்டிக்கொண்டு வாசித்தார். பிறகு தந்திகளைத் தளர்த்தியும் பார்த்தார். அழுத்த இலேசாக இருந்தது. தந்தி தளர்ந்தால் சுருதி இறங்கும், சத்தம் தடிக்கும். மெற்றல் இசையின் அந்தப் பாரமான சத்தத்தில் ஒரு பங்கு, காயப்பட்ட ஒரு கை நோகாமல் வாசிக்க வழி தேடியதால் வந்தது.

கைலெசா இந்தச் சேற்றுக்குள் சைக்கடெலிக்கைக் கலந்தது. அது 1960களின் சரக்கு. கிற்றாருக்கும் அம்பிளிஃபயருக்கும் இடையில், காலால் மிதித்து இயக்குகிற சின்னச் சின்னப் பெட்டிகள் இருக்கும். ஒரு பெட்டி, வாசித்த சுரத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லும். இன்னொன்று, வெறும் மண்டபத்துக்குள் நின்று வாசிக்கிற மாதிரி ஆக்கும். மற்றொன்று சத்தத்தை அலையாகச் சுழற்றும். கோப் இதோடு தெரமின் என்ற கருவியும் வாசிப்பார். அதைத் தொடவே தேவையில்லை. காற்றில் கையை அசைத்தால் சுருதி ஏறி இறங்கும். கீழே சேறு காலைப் பிடித்து இழுக்கும், மேலே இந்த எதிரொலிகள் மிதந்துகொண்டிருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். இதுதான் இவர்களின் சத்தம்.

*

பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்களில் ஒருத்தனின் அம்மம்மா கோப்பாயில் இருக்கிறா. ஒரு சனிக்கிழமை அங்கே சாப்பிடப் போயிருந்தபோதும் எங்கள் கதை இந்தக் குழுவைப் பற்றித்தான். குழம்பு விட்டுக்கொண்டு நின்ற அம்மம்மா கேட்டா, "ஆருக்கு மோனை கிலேசம்?"

"கிலேசம் இல்லை அம்மம்மா, கைலெசா. அது ஒரு பாட்டுக் குழு."

"நான் மனக்கிலேசம் எண்டெல்லோ நினைச்சன்."

சிரித்துவிட்டு விட்டுவிட்டோம். அன்று இரவு தேடிப் பார்த்தால், அம்மம்மா சொன்னதுதான் சரி. குழுவின் பெயர் 'கிலேச மார' என்ற பௌத்தச் சொல்லில் இருந்து எடுத்தது. பாளியில் கிலேச, சமஸ்கிருதத்தில் க்லேச, தமிழில் கிலேசம். எங்களோடு படித்த சிங்களப் பெடியன் ஒருத்தனிடம் கேட்டோம். "அது கெலெஸ்தானே, போயா நாளில பண சொல்லேக்க நெடுகக் கேட்டிருப்பீங்கள்" என்றான். மனதில் படிகிற அழுக்கு. ஆசை, வெறுப்பு, மயக்கம் மூன்றும் அதற்கு வேர். மாரன் ஆளை வழிதப்ப வைக்கிறவன். பௌத்த நூல்கள் எண்ணுகிற ஐந்து மாரர்களில் ஒருவன் இந்தக் கிலேச மாரன். வெளியில் இருந்து வருகிறவன் இல்லை, மனதுக்குள்ளேயே குடியிருக்கிறவன்.

அதே சொல் எங்கள் பேச்சுக்கு வரும்போது பொருள் கொஞ்சம் நகர்ந்துவிட்டது. அம்மம்மாவின் கிலேசத்தில் ஆசையும் இல்லை, வெறுப்பும் இல்லை. காரணம் சொல்லத் தெரியாத ஒரு பாரம், அவ்வளவுதான். "ரெண்டு நாளா ஒரே மனக்கிலேசமாக் கிடக்கு" என்பா. டொக்டரிடம் போனால் அதற்கு மருந்து இல்லை என்று அவவுக்கே தெரியும். சவானாவில் நாலைந்து பேர் தங்கள் குழுவுக்கு வைத்த பெயர் அம்மம்மாவின் வாயில் இவ்வளவு காலமும் இருந்திருக்கிறது.

*

அந்தக் கிலேசம் அவர்களுக்குத் தொடக்கத்திலேயே வந்தது. கோப் அதற்கு முன்னர் டமாட் என்ற சவானாக் குழுவில் இருந்தவர். அது கலைந்த பிறகு, பழைய நண்பர்களோடு லோரா பிளெசன்ட்ஸ் என்ற கிற்றாரிஸ்டும் சேர, கைலெசா உருவானது. அதே 2001இல் அவர்களின் பேஸ் கிற்றாரிஸ்ட் பிரையன் டியூக் வலிப்பு வந்து இறந்துபோனார். தொடங்கின வருசத்திலேயே ஒரு ஆள் இல்லை. அவர்கள் நிறுத்தவில்லை.

2002இல் வந்த முதல் அல்பத்தைக் கேட்டால், மூச்சு விடவே இடம் இல்லை. பங்க் வேகம், மெற்றல் பாரம், ஒருவர் மேல் ஒருவர் ஏறிக் கத்துகிற குரல்கள். சுவரில் தலையை வைத்துக்கொண்டு இருக்கிற மாதிரி. 2005இல் 'டு வோக் அ மிடில் கோர்ஸ்'. அதில் சுவரில் இடைக்கிடை ஒரு வெடிப்புத் தெரியும். ஒரு கிற்றார் மட்டும் தனியாக நின்று சுற்றும், பிறகு எல்லாம் சேர்ந்து விழும். 2006இல் 'டைம் வில் ஃபியூஸ் இட்ஸ் வேர்த்'. அதில்தான் இரண்டாவது ட்ரம்ஸ் வந்தது.

இரண்டு ட்ரம்ஸ் என்றால் இரட்டிப்புச் சத்தம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நாங்களும் நினைத்தோம். அந்த 2006 அல்பத்தில் ஓரளவுக்கு அது உண்மையும்தான். ஆனால் நல்லூரில் இரண்டு தவில் எதிரெதிரே நின்று வாசிக்கும்போது பார்த்திருப்பீர்கள். ஒருவர் வாசிக்க மற்றவர் கையைத் தவில் மேல் வைத்துக்கொண்டு காத்துக்கொண்டு நிற்பார். அந்தக் காத்திருப்பும் வாசிப்புத்தான். கைலெசாவின் இரண்டு பேர் பல இடங்களில் ஒரே அடியைச் சேர்ந்து அடிப்பவர்கள், தவில்காரர் மாதிரிப் போட்டி போடுகிறவர்கள் இல்லை. ஆனாலும் 2009க்கு வரும்போது, ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் எடுக்கிற பழக்கம் இவர்களுக்கும் வந்துவிட்டது. மின்வெட்டில் படியில் இருந்து நாங்கள் சண்டை பிடித்தது அந்த இடத்தைப் பற்றித்தான்.

*

எங்களில் மூன்றாவது ஆள் ஒருத்தி. எங்கள் பட்ச், புதுக்குடியிருப்புப் பக்கம். அவளுக்கு வெடிச்சத்தம் சரிவராது என்பது எங்களுக்குத் தெரியும். கோயிலில் வெடி கொளுத்தினாலோ, கல்யாண வீட்டில் சீனவெடி வைத்தாலோ, ஒன்றும் சொல்லாமல் எழும்பி வீட்டுக்குள் போய்விடுவாள். யாரும் ஏன் என்று கேட்கிறதில்லை.

ஒருநாள் லைப்ரரிக்குப் பின்னால் இருக்கும்போது கேட்டாள்.

"என்ன, நெடுக உதையே கேட்டுக்கொண்டு இருக்கிறியள்? தாங்கோ பாப்பம்."

நாங்கள் தயங்கினோம். "உனக்கு இது சரிவராது" என்றோம்.

"எனக்குச் சரிவருமோ இல்லையோ எண்டதை நான் சொல்லுறன். நீங்கள் ஏன் சொல்லுறியள்?"

கொடுத்தோம். அவள் இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டாள். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பாட்டுக் கேட்டுவிட்டுத் தந்துவிடுவாள் என்று நினைத்தால், முழு அல்பத்தையும் கேட்டாள். கிட்டத்தட்ட நாற்பது நிமிசம். இடையில் ஒருதரம் மட்டும் சத்தத்தைக் கூட்டினாள்.

கழற்றிவிட்டு முதலில் கேட்டது, "இது எப்ப வந்தது?"

பார்த்தோம். 2009 மார்ச்.

"அப்ப நாங்கள் மாத்தளனில" என்றாள்.

2009 மார்ச்சில் நாங்கள் மற்ற இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தில் ஐந்தாம் வகுப்பு. புலமைப்பரிசிலுக்குப் படித்துக்கொண்டிருந்தோம். இருட்டினால் ஒழுங்கையில் ஆள் நடமாட்டம் இருக்காது. வீட்டில் ரேடியோவைச் சத்தம் குறைத்து வைத்துக் கேட்பார்கள், நாங்கள் பக்கத்தில் போனால் நிறுத்திவிடுவார்கள். வன்னியில் என்ன நடக்கிறது என்பது எங்களுக்கு அந்தக் குறைந்த சத்தம்தான். அவளுக்கு அப்படி இல்லை. அதே பரீட்சையை அவள் அந்த வருசம் முகாமுக்குள் இருந்து எழுதினவள்.

கன நேரத்துக்குப் பிறகுதான் சொன்னாள். "அங்க கேட்ட சத்தத்துக்குத் தாளம் இல்லை. எப்ப வரும், எங்க விழும், எப்ப நிக்கும், ஒண்டும் தெரியாது. இதுவும் பயங்கரச் சத்தம்தான். ஆனா ரெண்டு பேர் எண்ணி எண்ணி அடிக்கினம். நாலு எண்ணினா திரும்பி வரும் எண்டு தெரியும். சொன்ன மாதிரி வருது."

நாங்கள் மெற்றலைப் பற்றி எவ்வளவோ வாசித்திருக்கிறோம். கோபத்தின் வடிகால் என்பார்கள், எதிர்ப்பு என்பார்கள். சத்தம் ஒரு வாக்கை மாதிரி, சொன்ன நேரத்துக்குத் திரும்பி வரும் என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

இதைப் பெரிய அற்புதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவள் இப்பவும் வெடிச்சத்தத்துக்கு எழும்பிப் போகிறாள். 2006 அல்பத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு "இது வேண்டாம்" என்று தந்துவிட்டாள். திரும்பக் கேட்டதே இல்லை. கைலெசா எங்களுக்காக ஒன்றும் பாடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சவானாவில் இருந்தவர்களுக்கு மாத்தளன் என்ற பெயர் தெரிந்திருக்க வழியில்லை. ஒரே மாதத்தில் அங்கே ஒரு அல்பம் வந்தது, இங்கே அது நடந்தது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அதை நாங்கள்தான் ஒரு போனுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் பகுதியை நீயே எழுது என்று அவளிடம் கேட்டோம். "நான் எண்டு வேண்டாம், நாங்கள் எண்டே எழுதுங்கோ" என்றாள். அதனால்தான் இந்தக் கட்டுரை முழுக்க நாங்கள்.

*

'ஸ்டாட்டிக் டென்ஷன்ஸ்'க்குப் பிறகு வந்த கைலெசாவை எங்களுக்குக் காட்டித்தந்தது அவள்தான். எங்களுக்கு அதுவரை பாரம்தான் முக்கியம். அவள் இடைவெளியைக் கேட்கிற ஆள்.

2010இல் 'ஸ்பைரல் ஷடோ'. கேட்ட உடனே தெரிகிற வித்தியாசம், எல்லாரும் எல்லா நேரமும் வாசிப்பதில்லை. ஒரு கிற்றார் தூரத்தில் தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ட்ரம்ஸ் இரண்டும் கீழே மெதுவாக நடக்கும். பாரம் வரும், ஆனால் வரப்போகிறது என்று உங்களுக்கு நேரம் தந்துவிட்டு வரும். அதில் 'டோன்ட் லுக் பேக்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. சேற்றை வழித்துவிட்டால் உள்ளே இருப்பது ஒரு நல்ல மெட்டு. மெற்றல் கேட்காதவர்களுக்கு நாங்கள் முதலில் போட்டுக் காட்டுவது இதைத்தான். எங்களில் ஒருத்தனுக்கு இந்தப் பாட்டுப் பிடிக்காது, ரேடியோப் பாட்டு என்பான். ஆனால் குளிக்கும்போது அதைத்தான் முணுமுணுக்கிறான்.

2012இல் பழைய பதிவுகளைத் திரட்டி ஒரு தொகுப்பு விட்டார்கள். அதில் பிங்க் ஃபுளொய்ட் 1968இல் செய்த 'செட் த கன்ட்ரோல்ஸ் ஃபோர் த ஹார்ட் ஒஃப் த சன்' பாட்டைத் தங்கள் மாதிரியில் வாசித்திருக்கிறார்கள். இவர்களின் எதிரொலிகள் எங்கே இருந்து வந்தன என்று தெரிய அந்த ஒரு பாட்டுப் போதும்.

2013இல் 'அல்ட்ராவயலெட்'. இது லோரா பிளெசன்ட்ஸின் அல்பம் என்று நாங்கள் சொல்லுவோம். கோப்பின் குரல் கூடுதலாகத் தொண்டை கிழிகிற கத்தல். பிளெசன்ட்ஸுக்கு இரண்டு குரல். ஒன்று அவரோடு சேர்ந்து கத்துகிறது. மற்றது எட்ட நின்று, சுரத்தோடு, கிட்டத்தட்ட உணர்ச்சியே காட்டாமல் பாடுகிறது. பழைய அல்பங்களில் முதலாவது குரல்தான் கூட. இதில் இரண்டாவது குரல் முன்னுக்கு வந்துவிட்டது. மெற்றல் மேடையில் பெண் என்றால் ஒன்றில் அழகாகப் பாட வேண்டும், இல்லாவிட்டால் ஆண் மாதிரிக் கத்திக் காட்ட வேண்டும் என்று ஒரு எதிர்பார்ப்பு இருக்கிறது. அவர் இரண்டையும் செய்துகொண்டு, பாரமான கிற்றாரையும் வாசித்துக்கொண்டு நிற்கிறார். எங்கள் சிநேகிதிக்கு இது நல்லாப் பிடித்துக்கொண்டது. "கத்த வேண்டிய இடத்தில கத்தாமல் நிக்கிறா பாருங்கோ" என்பாள்.

குறையும் இருக்கிறது. 'அல்ட்ராவயலெட்'டில் எதிரொலி கூடி, சில பாட்டுகளில் குரல் புகைக்குள் போய்விடுகிறது. இரண்டு ட்ரம்ஸ் இருக்கிறதென்பதே மறந்துபோகிற இடங்களும் உண்டு. அந்த அல்பத்தை இயர்போனில் ஆளுக்கொரு காதாகக் கேட்டால் எங்களுக்குச் சண்டை வந்திராது.

2015இல் 'எக்ஸோஸ்டிங் ஃபயர்'. எங்களுக்கு இதுதான் ஆகப் பிடித்தது. முதல் பாட்டு 'கிரஷர்' பழைய சேற்றோடு தொடங்கி நடுவில் திறந்துகொள்ளும். 'மூவிங் டே' மெற்றலே இல்லை. 1980களின் குளிர்ந்த ஆங்கிலப் பாட்டு மாதிரி. 'நைட் ட்ரைவ்' என்று ஒன்று. இரவு பஸ்ஸில் ஏ9 வழியாக வவுனியா தாண்டும்போது கேட்டுப் பாருங்கோ. கடைசியில் மேலதிகப் பாட்டாக பிளாக் சபாத்தின் 'பரனொய்ட்'. 1970இல் வந்த அந்தப் பாட்டு மூன்று நிமிசத்துக்குள் ஓடி முடிகிற பாட்டு. இவர்கள் அதை ஊர்ந்து ஊர்ந்து போகிற பாட்டாக மாற்றியிருக்கிறார்கள். தாங்கள் எங்கே இருந்து வந்தார்களோ அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறார்கள், ஆனால் அவசரம் இல்லாமல்.

அடுத்த வருசம், 2016இல், ஓய்வு எடுக்கிறோம் என்று அறிவித்துவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

முதல் அல்பத்தில் இருந்து கடைசி வரை ஒரே மூச்சில் கேட்டால் ஒரு விசயம் தெரியும். இவர்கள் சத்தத்தைக் குறைக்கவில்லை. கடைசி அல்பத்திலும் கிற்றார் அதே பாரம்தான். குறைத்தது அவசரத்தை. பதின்மூன்று வருசம் எடுத்து, எப்ப வாசிக்காமல் இருக்க வேண்டும் என்று பழகியிருக்கிறார்கள். மென்மையாகிவிட்டார்கள் என்று சொல்வது சரியில்லை என்று நாங்கள் நினைக்கிறோம். எங்களில் ஒருத்தன் இன்னமும் 2006தான் நல்ல கைலெசா என்று வாதாடுகிறான். அவனும் இதை வாசிப்பான், எழுதட்டும்.

*

2022இல் நாங்கள் கண்டுபிடித்தது ஆறு வருசத்துக்கு முன்னமே நின்றுபோன ஒரு குழுவை. இனி இவர்களிடம் இருந்து ஒன்றும் வராது என்று தெரிந்துகொண்டுதான் கேட்டோம். அந்த வருசமே எங்கள் பட்ச்சில் பாஸ்போர்ட் எடுக்காத ஆள் குறைவு. எங்கள் மூன்று பேரிலும் ஒருத்தன் 2023இல் வெளிநாடு போனான். எங்கே என்று சொல்லவில்லை. அங்கே இன்னும் விசா அலுவல் முடியவில்லை. அவள் முல்லைத்தீவில் ரீச்சர். மிச்சம் ஒருத்தன் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு அறையில்.

பிறகு கோப்பும் பிளெசன்ட்ஸும் திரும்பச் சேர்கிறார்கள் என்று செய்தி வந்தது. 2025இல் மேடை ஏறினார்கள். வெளிநாட்டில் இருக்கிறவன் விடிய மூன்று மணிக்கு எங்கள் குறூப்பில் வொய்ஸ் போட்டான். ஒன்றும் கதைக்கவில்லை. மேசையில் இரண்டு கையாலும் 'ஸ்கேப்கோட்' தட்டியிருந்தான். இடக்கை ஒரு ட்ரம்ஸ், வலக்கை மற்றது. பிழையாகத்தான் தட்டியிருந்தான். அவள் காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில் கேட்டுவிட்டு, "வலது கை பிந்துது" என்று மட்டும் எழுதினாள்.

அம்மம்மாவுக்கும் சொன்னோம், அந்தக் கிலேசக்காரர் திரும்ப வந்திட்டினம் என்று. "வரட்டும், வரட்டும்" என்றா.

இப்ப எங்கள் மூன்று பேரிடமும் சொந்தமாக நல்ல இயர்போன் இருக்கிறது. இரண்டு காதும் கேட்கிறது. பாட்டு முழுசாக வருகிறது, ஆனால் ஆளாளுக்குத் தனியத்தான் கேட்கிறோம். அதில் குறைசொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தப் படியில் கேட்ட பாதிப் பாட்டு இப்பவும் ஞாபகத்தில் இருக்கிறது.

நீங்கள் கைலெசாவைக் கேட்கப் போகிறீர்கள் என்றால் எங்கள் ஆலோசனை இதுதான். 'ஸ்பைரல் ஷடோ'வில் தொடங்குங்கோ. அதில் 'டோன்ட் லுக் பேக்'. பிடித்தால் 'எக்ஸோஸ்டிங் ஃபயர்'. அதற்குப் பிறகு 'ஸ்டாட்டிக் டென்ஷன்ஸ்'. ஆனால் அதை முதல்தரம் தனியக் கேட்காதேங்கோ. வயர் இருக்கிற பழைய இயர்போன் ஒன்றைத் தேடி எடுங்கோ. பக்கத்தில் ஒரு ஆளை இருத்துங்கோ. ஆளுக்கொரு காது. ட்ரம்ஸைப் பற்றிக் கொஞ்சம் சண்டை பிடியுங்கோ. பிறகு காதை மாத்திப் போடுங்கோ.